கண் பரிசோதனை வெளிச்சத்துக்குப் பயப்பட வேண்டாம்

(நமது அறக்கட்டளையின் இலவசக் கண் பரிசோதனை முகாமைத் தொடங்கிவைத்துச் செயலாளர் ஆற்றிய உரை)





நம் முகாமுக்கு வருகிறவர்களில் சிலர், சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படித்துக் காட்டியதோடு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த அறைக்குப் போவதில்லை. கேட்டால், "அந்த லைட்டு ரொம்பக் கூசுது, இருக்கிற பார்வையும் போயிடுமோ?" என்கிறார்கள். அதனால் அந்த வெளிச்சத்தைப் பற்றி இன்று கொஞ்சம் பேசுகிறோம்.

கண்ணின் உட்புறம் இருட்டறை போன்றது. வெளிச்சம் செலுத்தினால்தான் டாக்டர் உள்ளே பார்க்க முடியும். 1851-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், விளக்கொளியைக் கண்ணாடித் தகடுகளால் கண்ணுக்குள் திருப்பி விழித்திரையைப் பார்க்க வழி கண்டார். பின்னர் மின்விளக்கும், அதன்பின் ஹாலோஜன் பல்பும் வந்தன. இப்போது அந்த இடத்துக்கு எல்.இ.டி. வந்திருக்கிறது.

ஹாலோஜன் பல்பில் கம்பி சூடேறித்தான் ஒளி வரும். மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடும். வெளிச்சத்தைக் குறைத்தால் மஞ்சளடிக்கும். கம்பி அறுந்தால் பல்பு மாற்றும் வரை வேலை நிற்கும். எல்.இ.டி.யோ குறைந்த மின்சாரத்தில் பல்லாயிரம் மணி நேரம் எரியும். வெளிச்சத்தைக் குறைத்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. பேட்டரியிலேயே வேலை செய்வதால் கருவியை எங்கும் எடுத்துச் செல்லலாம். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஆர்க்லைட்' என்ற கருவி சட்டைப்பையில் அடங்கும். வெயிலிலேயே சார்ஜ் ஆகும்.

எந்த வெளிச்சமும் அளவு மீறினால் கெடுதல்தான். எனவே கண் கருவிகளின் ஒளிக்குச் சர்வதேச அளவில் வரம்பு வகுத்திருக்கிறார்கள். டாக்டரும் தேவையான நேரத்துக்கு மட்டுமே வெளிச்சம் காட்டுவார். கூச்சம் சற்று நேரத்தில் அடங்கிவிடும். சில மணி நேரம் பார்வை மங்கலாக இருப்பது, பாப்பாவை விரிக்க விடும் சொட்டு மருந்தினால், விளக்கினால் அல்ல. மருந்து விட்டுக்கொண்டால் அன்று வண்டி ஓட்ட வேண்டாம்; வீட்டார் ஒருவரைத் துணைக்கு அழைத்து வாருங்கள்.

நம் வீடுகளில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் பலர். அந்நோய் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கும்போது தொடக்கத்தில் வலி இருக்காது, பார்வையும் குறையாது. எழுத்துகளைக் கடைசி வரி வரை படிப்பவருக்கும் உள்ளே இரத்தக் கசிவு இருக்கலாம். பார்வை மங்கிய பிறகு போனால், இழந்ததை முழுவதும் மீட்பது கடினம். முன்கூட்டியே தெரிந்தால் லேசர் முதலிய சிகிச்சையால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

ஆகவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழித்திரையைக் காட்டிவிடுங்கள். உங்கள் வீட்டில் வாப்பாவோ உம்மாவோ "எனக்குக் கண் நல்லாத்தான் தெரியுது" என்று சொன்னாலும், கையைப் பிடித்து அந்த இரண்டாவது அறைக்கும் அழைத்துச் செல்லுங்கள்.