மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கும் செய்முறையின் நுட்பமும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



மின்கம்பியின் மேலுறையாக இருந்து நம் உயிரைக் காப்பது பிளாஸ்டிக். மின்சாரத்தைக் கடத்தாமையே அதன் இயல்பு. ஆயினும், அதனைக் கடத்தும் பொருளாக்க வேண்டிய தேவையும் உண்டு. உராய்வினால் எழும் நிலைமின்சாரம், எரியும் ஆவி சூழ்ந்த இடத்தில் பொறியாகத் தெறித்தால் உயிர்ச்சேதம் நேரும். நம் உடல் உணராத சிறு அளவே மின்னணுச் சில்லுகளைக் கெடுத்துவிடும். ஆகவே அச்சில்லுகளை வைக்கும் பெட்டிகள் அம்மின்சாரத்தை நிலத்திற்கு இறக்கிவிடுதல் வேண்டும்.

இதற்காகப் பிளாஸ்டிக்குடன் கார்பன் பிளாக் எனும் நுண்ணிய கரித்தூளைக் கலக்கின்றனர். நம்மவர் பலர் அறிந்த வேலை ஒன்றை எண்ணிப் பாருங்கள். கட்டடத்திற்குத் தளம் போடுங்கால் கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மேலேறுகின்றது. இடையில் ஓர் ஆள் இல்லையேல் சட்டி அங்கேயே நின்றுவிடும். கரித்துகள்களும் அவ்வாறே ஒன்றையொன்று தொட்டோ மிக நெருங்கியோ சங்கிலியாக நின்றால்தான் மின்சாரம் செல்லும். சாதாரணக் கரித்தூளாயின், பெரும்பாலும் எடையில் 100க்கு 10 முதல் 25 பங்கு வரை வேண்டியிருக்கும். அவ்வளவை எட்டியதும் மின்தடை பல இலட்சம் மடங்கு குறைகின்றது.

அளவு சரியாக இருந்தால் போதுமா? போதாது. இதுவே நாம் இன்று வலியுறுத்த விரும்புவது. ஒரே கலவையை இருவர் இரு விதமாக வார்த்தால், ஒன்று கடத்தும். மற்றொன்று கடத்தாமற் போகும். குறைவாகக் கலக்கினால் கரித்தூள் கட்டிகட்டியாக நிற்கும். அளவுமீறிக் கலக்கினால் துகள்களின் கோவை நொறுங்கும். உருகிய கலவையை மிகு வேகத்தில் அச்சினுள் செலுத்தினால் சங்கிலிகள் இழுபட்டு அறும். குளிர்ந்த அச்சைத் தொட்ட மேற்பரப்பு உடனே உறைந்துவிடுவதால், அறுந்தவை மீண்டும் கூட வழியில்லை. கடத்தாத தோல் போர்த்தது போலாகிவிடும். கலவையின் வெப்பத்தையும் அச்சின் வெப்பத்தையும் தக்கவாறு உயர்த்தி, வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் கடத்துதிறன் மேம்படும். வெப்பம் எல்லை கடந்தாலோ பிளாஸ்டிக்கே சிதையும். கரித்தூளுக்கு மாறாகக் கரிநார் கலந்தால், எந்திரத்தின் திருகு நாரை ஒடிக்கும். மேலும் கலவை ஓடிய திசையில் நார்கள் படுப்பதால், அத்திசையில் மின்சாரம் மிகுதியாகவும் குறுக்கே குறைவாகவும் செல்லும்.

கண்ணுக்கு எல்லாம் ஒரே கறுப்புப் பெட்டிதான். அளந்து பார்ப்பவருக்கே வேறுபாடு புலப்படும். உழைக்கும் கைகளுக்கு அறிவில்லை என இகழ்ந்தோர் உண்டு. எந்திரத்தருகே நிற்பவரின் கவனத்தில்தான் ஒரு பொருளின் குணமும் பிறர் உயிரும் அடங்கியுள்ளன என்பதே அவர்களுக்கு விடை.

இளைஞர்களே! பொத்தானை அழுத்தும் வேலையோடு நின்றுவிடாதீர்கள். வெப்பம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, ஏன் என்று கேளுங்கள். நாள்தோறும் குறித்து வையுங்கள். 1968ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற சிப்பெட் நிறுவனத்தில், பத்தாம் வகுப்புத் தேறியோர் சேரத்தக்க பட்டயப் படிப்புகள் உள்ளன. அக்கதவைத் தட்டுங்கள். முன்சென்றவர் பின்வருபவருக்குக் கைகொடுங்கள். நம் வரிசையில் எவ்விடமும் வெறுமையாக இருத்தல் கூடாது.