வீணை செய்யச் சொல்லும்போது

தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் குழந்தை வீணை பயிலத் தொடங்கியதும், ஆசிரியையின் பழைய வாத்தியம் எத்தனை நாளைக்கு என்ற பேச்சு எழுகிறது. தஞ்சாவூருக்குச் சொல்லி ஒன்று வரவழைப்போம் என்று பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள். எங்கள் தில்லி இல்லத்திலும் அவ்வாறே நடந்தது. அதில் நாங்கள் செய்த பிழைகளைச் சொன்னால் பிறருக்குப் பயன்படலாம்.

தஞ்சாவூர் வீணை கடையில் அடுக்கி வைத்து விற்கும் சரக்கு அன்று. சிறு பட்டறைகளில், பரம்பரையாகத் தொழில் கற்றவர்கள், கேட்பவருக்கென்று செய்து தருவது. முற்றிய பலாமரத்தைத் தேர்ந்து, குடத்தைக் குடைந்து, தண்டியை இழைத்து, யாளி முகம் செதுக்குகிறார்கள். ஒரே மரத்தில் முழுவதும் கடைந்தெடுத்தால் அது ஏகாந்த வீணை. பகுதிகளைத் தனித்தனியே செய்து இணைத்தால் ஒட்டு வீணை. விலையில் வேறுபாடு மிகுதி. இவ்வீணைக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நாங்கள் தொலைபேசியில் பேசியபோது அந்தக் கைவினைஞர் மூன்று கேள்விகள் கேட்டார். வாசிக்கப் போவது யார்? வயது என்ன? எந்தக் கட்டையில் சுருதி? எங்களுக்கு அவை வீண் விசாரணையாகத் தோன்றின. "பெரிதாக, நல்ல சித்திர வேலையுடன், ஏகாந்த வீணையாக இருக்கட்டும். மற்றவை உங்கள் விருப்பம்" என்று சொல்லி முன்பணத்தை அனுப்பிவிட்டோம். கூடத்தில் அது எவ்வளவு அழகாக விளங்கும் என்பதே எங்கள் நினைவில் இருந்தது. பத்து வயதுப் பெண்ணின் இடக்கை எவ்வளவு தூரம் எட்டும் என்பது இல்லை.

வீணை வந்தது, மே மாதத்தில், மூடிய சரக்கு வண்டியில். வேலைப்பாட்டில் குறை கூற இடமில்லை. ஆனால் மந்தர ஸ்தாயி மெட்டுகளைக் குழந்தையால் எட்டிப் பிடிக்க இயலவில்லை. அதைவிடப் பெரிய துன்பம் வேறு. இருபத்து நான்கு மெட்டுகளும் மெழுகும் கரித்தூளும் கலந்த படுகையின்மேல் பதிக்கப்படுகின்றன. ஸ்வரம் ஸ்வரமாகக் காதால் கேட்டு ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் நிறுத்துவதையே மேளம் கட்டுதல் என்கிறார்கள். வட நாட்டுக் கோடையில் அந்த மெழுகு இளகி, மெட்டுகள் தத்தம் இடம் விட்டு நகர்ந்திருந்தன. காந்தாரம் காந்தாரமாக இல்லை.

மேளம் கட்டத் தெரிந்தவரைத் தேடி அலைந்ததில் ஏழு மாதங்கள் கழிந்தன. ஒருவர் கிடைத்து வீணை பேசத் தொடங்கியபோது, குழந்தையின் மனம் ஓவியத்தில் போய்விட்டது. வற்புறுத்திப் பார்த்தோம்; பயனில்லை. அந்த வீணை இன்றும் கூடத்தில் அழகாகவே இருக்கிறது.

இளையவளுக்கு வாங்கியபோது அவளையே தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றோம். பட்டறைத் தரையில் அவளை உட்கார வைத்து, ஒரு பழைய தண்டியை மடியில் சாய்த்து, கை எட்டும் இடத்தைப் பார்த்துக் கொண்டார் அந்தப் பெரியவர். பாடச் சொல்லிச் சுருதி அறிந்தார். தந்தியின் கனம் அதற்கேற்ப அமைய வேண்டுமாம். சற்றுச் சிறிய ஒட்டு வீணையே போதும் என்றார். எங்களுக்கு உள்ளூர ஏமாற்றந்தான். ஆயினும் இம்முறை வாயைத் திறக்கவில்லை.

நேரில் செல்ல இயலாதவர்கள் குழந்தையின் ஆசிரியையையே பட்டறையுடன் பேசச் சொல்லலாம். கோடை தணிந்தபின் வாங்குவது நலம். உங்கள் ஊரில் மேளம் கட்டுபவர் உண்டா என்பதை முன்பணம் கொடுக்குமுன் விசாரித்துவிடுங்கள். வெயில் படும் சுவரோரத்திலும், குளிர்காலத்தில் வெப்பமூட்டும் கருவியின் அருகிலும் வீணையை வைக்கலாகாது. முன்னதில் மெழுகு இளகும், பின்னதில் மரம் உலர்ந்து வெடிக்கக்கூடும்.

இரண்டாம் வீணையைச் சரக்கு வண்டியில் அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. ஐப்பசியில் நாங்களே போய் ரயிலில் கொண்டு வந்தோம். மேல் படுக்கையில் போர்வை சுற்றி அதைக் கிடத்திவிட்டு, தில்லி வரையில் நாங்கள் இருவரும் கீழ்ப் படுக்கையில் முறை வைத்து உறங்கினோம்.