கருவியைக் கையாள்வோர் கூட்டுறவு

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காரியாலயங்களில் வழங்கும் கணினி மென்பொருள்களைக் கையாள்வோர் தமக்குள் கூடி அமைத்துக்கொள்ளும் சங்கங்களில் சேர்வதால் விளையும் நன்மையைக் குறித்துப் பேசும்படி நான் பணிக்கப்பட்டிருக்கிறேன். இது நம்மில் சிலருக்கு மட்டுமே உரிய விஷயம்போலத் தோன்றலாம். ஆனால் கணக்கெழுதுவோரும், சம்பளப் பட்டியல் தயாரிப்போரும், சரக்கிருப்புப் பார்ப்போரும் இக்காலத்தில் ஏதேனும் ஒரு மென்பொருளின் முன்னமர்ந்தே தம் பொழுதைக் கழிக்கின்றனர். ஆகையால் உத்தியோகத்தால் ஜீவிக்கும் குடும்பங்கள் யாவற்றுக்கும் இஃது உரியதே.

நான் வேலை பார்த்த காரியாலயமொன்றில் என் கீழ்ப் பணிபுரிந்த இளைஞர் ஒருவர் சம்பளப் பட்டியலுக்குப் பொறுப்பாயிருந்தார். மென்பொருளின் புதிய பதிப்பு வந்த மாதத்திலிருந்து, பிடித்தத் தொகைகள் ஒரு ரூபாய் கூடியும் குறைந்தும் வரலாயின. குற்றம் தம்முடையதே என்று அவர் எண்ணிக்கொண்டார். எவரிடமும் சொல்லாமல் மூன்று மாதம் இரவு வெகுநேரம் தங்கி, ஒவ்வொருவர் கணக்கையும் தம் கையாலேயே திருத்தி வந்தார். முடிவில் ராஜிநாமாக் கடிதத்தோடு என் முன் வந்து நின்றார். “முன்னமே என்னிடம் கேட்டிருக்கலாகாதா?” என்றேன். “கேட்டால், வேலை தெரியாதவன் என்று நினைப்பீர்களே, ஐயா” என்றார். உண்மையைச் சொல்லுமிடத்து, அவர் கேட்டிருந்தாலும் விடை கூற எனக்குத் தெரிந்திராது. அடுத்த தெருவிலுள்ள வேறொரு கம்பெனியில் அதே வேலை பார்க்கும் அம்மையார் ஒருவரிடம் இருவருமாகச் சென்றோம். பைசாவை முழு ரூபாயாக்கும் முறை புதிய பதிப்பில் மாறியிருப்பதாகவும், தமக்கும் அவ்வாறே நேர்ந்ததாகவும் கூறி, பத்து நிமிஷத்தில் அவர் வழி காட்டிவிட்டார். மூன்று மாதத் துன்பத்திற்குக் காரணம் அறிவின்மையன்று. கேட்பதற்கு ஓரிடம் இன்மையே.

இத்தகைய துன்பம் கணினியின் ஆதிகாலத்திலேயே உணரப்பட்டது. 1953-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியாரின் 701 என்னும் கணினி நிறுவனங்களுக்கு வந்து சேரத் தொடங்கிற்று. அதனோடு கிடைத்த மென்பொருள் மிகச் சொற்பம். ஆதலால் அதனைப் பெற்ற நிறுவனங்கள் ஒரே வேலைக்குரிய நிரல்களைத் தனித்தனியே எழுதிப் பொருளையும் காலத்தையும் செலவிட்டன. அடுத்த மாதிரியாகிய 704 வரவிருந்த தருணத்தில், 1955 ஆகஸ்டில், லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் விமானத் தொழிற்சாலைகளின் கணினித் துறையினர் முன்கையெடுத்து, சாண்டா மோனிகாவிலுள்ள ராண்ட் நிலையத்தில் பிறருடன் கூடி, ‘ஷேர்’ என்னும் சங்கத்தைத் தோற்றுவித்தனர். பங்கிடுதல் என்பதே அச்சொல்லின் பொருள்.

அச்சங்கத்தில் கூடிய லாக்ஹீட் கம்பெனியும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் கம்பெனியும் விமானத் தொழிலில் ஒன்றோடொன்று போட்டியிட்டவை. எனினும் விமானத்தின் அமைப்பு ரகசியமாகலாம். வர்க்கமூலம் காணும் நிரலில் என்ன ரகசியம் இருக்கிறது? இவ்வேற்றுமையை அவர்கள் தெளிவாய் அறிந்திருந்தனர். ஆகவே எழுதிய நிரல்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டனர்.

அன்றியும், மனிதர் எழுதும் குறியீடுகளை இயந்திரம் அறியும் எண்களாக மாற்றுதற்குரிய ‘அசெம்ப்ளர்’ எல்லோர்க்கும் ஒன்றாயிருத்தல் வேண்டுமென்று கண்டனர். யுனைடெட் ஏர்கிராப்ட் கம்பெனியில் ராய் நட் என்பவர் எழுதியதையே பொதுவென ஏற்றனர். தம் நிரலே உயர்ந்தது என்று ஒவ்வொருவரும் பிடிவாதம் செய்திருப்பின் சங்கம் அன்றே கலைந்திருக்கும். பின்னர் 709 கணினிக்குரிய இயங்குதளம் ஒன்றையும் அச்சங்கத்தாரே வகுத்தனர். அதனை நிறைவேற்றுவதில் ஐ.பி.எம். கம்பெனியாரும் துணை நின்றனர். தனியொருவர் எழுதும் முறையீட்டுக் கடிதத்தைக் கம்பெனிகள் ஒதுக்கிவிடக்கூடும்; பல நிறுவனங்கள் ஒருமுகமாய்ச் சொல்வதை ஒதுக்குதல் எளிதன்று. வணிகக் கணக்குக்குக் கணினியைப் பயன்படுத்துவோர் 1956-இல் ‘கைட்’ என்னும் சங்கத்தைக் கண்டனர். ‘ஷேர்’ எழுபது ஆண்டு கடந்து இன்றும் நடைபெற்று வருகிறது.

இனி, இத்தகைய சங்கத்திற் சேர்வோர் கைக்கொள்ளவேண்டிய முறைகள் சில உண்டு. கேள்வி கேட்குமுன், தாம் செய்தது யாது, எதிர்பார்த்தது யாது, திரையில் தோன்றியது யாது என்னும் மூன்றையும் பதிப்பின் எண்ணோடு எழுதிக்கொள்ளுதல் வேண்டும். தெளிவாய்க் கேட்கப்பட்ட கேள்வி பாதி விடையாகும். பிறர் சம்பள விவரத்தையோ முதலாளியின் கணக்கையோ எக்காரணம் பற்றியும் வெளியிடலாகாது. கற்பனைத் தொகைகளைக்கொண்டே விளக்குதல் தகும். கிடைத்த யோசனையை நகலொன்றில் சோதித்த பின்னரே உண்மைக் கணக்கில் புகுத்துதல் வேண்டும். ஏனெனில், நல்லெண்ணத்தோடு கூறப்பட்டதும் நம் காரியாலயத்திற்குப் பொருந்தாது போகலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, பெற்றதைத் திருப்பித் தருதல். விடை கிடைத்தவுடன் மௌனமாய்ப் போய்விடுவோர் பலர். ஊர் கூடி இழுக்கவேண்டிய தேரில் ஏறி உட்கார்ந்துகொள்வதற்கு அஃது ஒப்பாகும். “நீங்கள் கூறிய வழி பயன்பட்டது” என்று ஒரு வரி சொன்னாலும் அடுத்து வருபவர்க்கு அது விளக்காகும். நேற்றுக் கற்றவரே இன்று தொடங்குவோர்க்கு நல்லாசிரியர். தாம் இடறிய இடம் அவருக்கு மறந்திராது.

அவ்விளைஞரின் ராஜிநாமாக் கடிதத்தை நான் ஏற்கவில்லை. அவரும் அவ்வம்மையாரும் வேறு சிலரும் மாதம் ஒருமுறை கூடிப் பேசலாயினர். பிற கம்பெனியார் சந்தேகம் கேட்டு அவரை நாடி வருவதை நான் கண்டு மகிழ்ந்தேன்.

சகோதரர்களே, மேலதிகாரிகளாயிருப்போருக்கு ஒரு விண்ணப்பம். “தெரியாது” என்று சொல்லும் சிப்பந்தியை இகழாதீர்கள். அவர் வெளியே சென்று கேட்டறிவதற்கு நேரம் கொடுங்கள். இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: கேட்பதில் நாணம் வேண்டா, தவற்றை மறைத்துவைப்பதற்கே நாணுங்கள். நீங்கள் கையாளும் மென்பொருளுக்குச் சங்கம் இருப்பின் சேருங்கள். இல்லையேல், அதே வேலை பார்க்கும் இருவரைத் தேடிப்பிடித்து நீங்களே தொடங்குங்கள்.