'செட் ஆகல'ன்னா என்ன அர்த்தம்?

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பத்தி. எஸ், இ, டி. மூணே எழுத்து. செட்.

சின்ன வார்த்தைதான். ஆனா 1989-ல வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியோட இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இதுக்குத்தான். சுமார் 430 அர்த்தம்! சூரியன் மறைஞ்சாலும் செட், அலாரம் வெச்சாலும் செட், உடைஞ்ச எலும்பைச் சேர்த்து வெச்சாலும் செட். டென்னிஸ்ல ஒரு செட் உண்டு. கணக்குப் புத்தகத்தில் 'கணம்'னு படிச்சோமே, அதுவும் செட்.

உண்மையில இது ரெண்டு வேர்ல இருந்து வந்து ஒண்ணா கலந்த சொல். 'வை'ங்கிற அர்த்தம் பழைய ஆங்கிலத்தில் இருந்து வந்தது. 'தொகுதி'ங்கிற அர்த்தம் லத்தீன்ல இருந்து பிரெஞ்சு வழியா வந்தது.

நம்ம ஊர்ல பம்ப்செட், மைக்செட், பல்செட், செட் தோசை எல்லாமே தொகுதி வகை. "அவன் எங்க செட்டு"ன்னா கூடப் படிச்சவன். "ஆள் செட் பண்ணிட்டாங்க"ன்னா விஷயமே வேற!

இப்போ 'செட் ஆகல'க்கு வருவோம். இங்கிலீஷ்ல சட்டைக்கு ஒரு சொல், சாப்பாட்டுக்கு ஒரு சொல், மனுஷங்களுக்கு ஒரு சொல்னு தனித்தனியா இருக்கு. நாம எல்லாத்துக்கும் இந்த ஒண்ணையே வெச்சு ஓட்டுறோம். வசதிதான். ஆனா அந்த வசதிக்குப் பின்னாடி நிறைய ஒளிஞ்சுக்கலாம்.

போன வருஷம் வாடகைக்கு வீடு தேடினேன். ஒரு வீட்டு ஓனர் சொந்த ஊர் எது, என்ன ஆளுங்க, வீட்டுல கறி சமைப்பீங்களான்னு வரிசையா கேட்டார். மறுநாள் புரோக்கர் போன் பண்ணினார். "சார், அந்த வீடு உங்களுக்கு செட் ஆகாது." எனக்கு வீடு பிடிச்சிருந்தது, வாடகையும் கட்டுப்படியாச்சு. அப்போ செட் ஆகாதது எது?

'தர மாட்டேன்'னு சொன்னா, சொன்னவர் யாருன்னு தெரியும். ஏன்னு கேட்கலாம். 'செட் ஆகாது'ன்னா யாருமே எதுவும் செய்யாத மாதிரி, தானா நடந்த மாதிரி ஆயிடுது. சிமென்ட்கூட தானா செட் ஆகாதுங்க. ஒருத்தர் தண்ணி கலக்கணும்.

இன்டர்வியூ முடிஞ்சு வர்ற பதிலும் இதுதான். ரெண்டு வருஷம் பழகிட்டு ஒரு மெசேஜ்ல முடிக்கிறவங்க சொல்றதும் இதுதான். கேட்டவங்க காரணம் தெரியாம, 'நம்மகிட்ட என்ன குறை'ன்னு மாசக்கணக்கா யோசிச்சிட்டு இருப்பாங்க.

சட்டை, ஷாம்பூவுக்கு தாராளமா சொல்லுங்க. ஒரு மனுஷனைப் பத்தின முடிவுன்னா, கூட ஒரு வரி காரணம் சேர்த்துச் சொல்லுங்க. உங்ககிட்ட யாராவது சொன்னா, "எது செட் ஆகல?"ன்னு பொறுமையா கேளுங்க. பதில் வராமப் போகலாம். ஆனா கேள்வி யார் பக்கம் நிக்கணுமோ அங்க நிக்கும்.

உங்க வீட்டுல 'செட்' எப்படியெல்லாம் புழங்குதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!