பெரிய மரங்களும் காதுக் குகையும்



தோட்டத்தில் வாழும் நாம் பால்மரக் காடு என்கிறோம். செம்பனைக் காடு என்கிறோம். ஒரே வகை மரம், ஒரே உயரம், நிரை நிரையாக நிற்கும். இவை மனிதன் நட்டவை. மனிதன் நடாத காடு எப்படி இருக்கும்? நம் பாட்டன்மார் இந்நாட்டுக்கு வந்தபோது கண்ட காடு அதுதான். அதை வெட்டித் திருத்திய நிலத்தில்தான் அவர்கள் கன்று நட்டார்கள். அத்தகைய காட்டை இன்றும் நம் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அதற்குத் தாமான் நெகாராவுக்குப் போகவேண்டும்.

பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரந்து கிடக்கும் இந்தத் தேசியப் பூங்காவின் பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகம். 1938, 1939ஆம் ஆண்டுகளில் சட்டம் இயற்றி இதைக் காப்பிடம் ஆக்கினார்கள். அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் வழங்கியது. நாடு சுதந்திரம் பெற்ற பிறகு இன்றைய பெயரைப் பெற்றது. ஜெராண்டுட் பட்டணத்தின் வழியாகக் கோலா தாஹானை அடைந்து, படகில் ஆற்றைக் கடந்தால் பூங்காவின் வாசல்.

உள்ளே போனதும் வெயில் மறைந்துவிடும். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். துவாலாங் என்னும் மரம் 250 அடிக்கும் மேலே வளரக்கூடியது. உயர்ந்த தென்னை மரங்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாற்போல் இருக்கும். இத்தனை பெரிய மரம் எப்படிச் சாயாமல் நிற்கிறது? காட்டு மண்ணில் சத்து மேலாகத்தான் இருக்கிறது. ஆகவே வேர் ஆழமாகப் போவதைவிட அகலமாகப் பரவுகிறது. அடிமரத்தைச் சுற்றிச் சுவர்போல எழும்பும் பலகை வேர்கள் மரத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. துவாலாங்கின் பட்டை வழுவழுப்பானது. தேனுக்கு ஆசைப்படும் கரடி அதில் ஏறுவது கடினம். அதனால் மலைத்தேனீக்கள் அதன் கிளைகளில் கூடு கட்டுகின்றன. ஒரே மரத்தில் நூறு கூடுகள்கூடத் தொங்குவதுண்டு.

அங்கிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது குவா தெலிங்கா. தெலிங்கா என்றால் காது. சுண்ணாம்புக் கல்லை நீர் காலங்காலமாகக் கரைத்ததால் உண்டான குகை இது. உள்ளே ஓடை ஓடும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தும் தவழ்ந்தும் போகவேண்டும். கூரையில் வௌவால்கள் தலைகீழாகத் தொங்கும். எச்சத்தின் நாற்றம் மூக்கைத் துளைக்கும்.

"இந்த நாற்றத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன்.

செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்த மூத்தவர்களுக்கு இது நினைவிருக்கும். முன்பெல்லாம் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் சேர்ப்பதற்கென்றே ஆட்களை வைத்திருந்தார்கள். 1981ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அதுமுதல் அந்த வேலையை வண்டே பார்த்துக்கொள்கிறது. ஒரு பூச்சி எத்தனை கைகளின் வேலையைச் செய்தது, பாருங்கள்!

டுரியானுக்கு அந்த உதவியைச் செய்வது முக்கியமாக வௌவால். டுரியான் பூ மாலையில் விரியும். விடிவதற்குள் உதிரத் தொடங்கிவிடும். இருட்டில் தேன் குடிக்க வரும் வௌவால், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டு சேர்க்கிறது. பெத்தாய் மரத்துக்கும் அதுவே துணை. இந்தத் தேன் குடிக்கும் வௌவால்கள் பகலில் குகைகளில் உறங்குபவை. நாம் தைப்பூசத்துக்குப் போகும் பத்துமலைக் குகைகளிலும் இவை வாழ்ந்து வருவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். குகையைப் புகை போட்டு, கூச்சலிட்டுக் கலைத்துவிட்டால், எங்கோ ஒரு கம்பத்தில் டுரியான் மரம் பூத்தும் காய்க்காமல் நிற்கும். காட்டை அழித்தாலோ, குகை நிறைய வௌவால் இருந்தும் அவற்றுக்கு ஆண்டு முழுவதும் தேன் கிடைக்காது. குகை படுக்கை, காடு சமையற்கட்டு. ஒன்றை இடித்துவிட்டு மற்றொன்றைக் காக்க முடியாது.

ஆகவே, பள்ளி விடுமுறையில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து புறப்படுங்கள். ஆண்டு இறுதியின் பெருமழை மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்; அப்போது ஆறு பெருகும், குகையிலும் நீர் ஏறும். வனவிலங்குத் துறையின் அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்குங்கள். வழிகாட்டியுடன் செல்லுங்கள். பிடிப்புள்ள காலணியும் டார்ச் விளக்கும் வேண்டும். அட்டைக் கடி நமக்குப் புதிதல்ல. நீண்ட காலுறை போட்டுக்கொண்டால் போதும். குகைக்குள் வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். வௌவாலைத் தொடக் கூடாது. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். சுவரில் பெயர் எழுதுவதும், மரத்தில் கத்தியால் கீறுவதும் வேண்டாம். மரத்தைக் கீறினால் அதற்கு என்ன ஆகும் என்பதைப் பால் வெட்டிய நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

பெற்றோர்களே, அந்தப் பெரிய மரத்தடியில் நின்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: "உன் பாட்டனும் பாட்டியும் வந்தபோது இந்த நாடு இப்படித்தான் இருந்தது. காட்டை வெட்டச் சொன்னார்கள், அவர்கள் வெட்டினார்கள். மிஞ்சியிருப்பதைக் காப்பது உன் பங்கு."