எங்க ஜெனிஸிஸ் எங்கே போச்சு?

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்தபோது, "பத்து நிமிஷம் பேசுங்க, அறிவுரை மட்டும் வேண்டாம்" என்றார். பிழைத்தேன்! எனக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று பிசிக்ஸ், இன்னொன்று பாட்டு. பிசிக்ஸ் பேசினால் பின்வரிசை காலியாகிவிடும். ஆகவே பாட்டு.

நான் விடுதியில் சேர்ந்தது 1979-ல். என் அறை நண்பனின் மாமா கப்பலில் வேலை பார்த்தார். அவர் கொண்டுவந்து கொடுத்த கேசட்டுகளில் ஒன்று, ஜெனிஸிஸ் என்ற ஆங்கில பேண்டின் 'ஃபாக்ஸ்ட்ராட்'. 1972-ல் வெளிவந்தது. அதில் 'சப்பர்ஸ் ரெடி' என்று ஒரு பாட்டு, ஏறத்தாழ 23 நிமிஷம்! முதல் தடவை கேட்டபோது ஒன்றுமே புரியவில்லை. மெதுவாகப் போகும், திடீரென்று நிற்கும், வேறெங்கோ தாவும். ஓரிடத்தில் ஒன்பது எண்ணிக்கைத் தாளம். நண்பன் கிடார் வாசிப்பவன், விரல்விட்டு எண்ணிப் பார்த்துத் தோற்றுப் போனான்.

இன்றைய மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கேசட்டில் ஒரு பாட்டைத் தாண்டிப் போவது பெரும்பாடு. பிடிக்காததையும் கேட்டுத்தான் ஆகணும். அப்படிப் பத்துத் தடவை கேட்ட பிறகு, அந்தப் பாட்டு எங்கள் சொத்தாகிவிட்டது. விடுதியில் மற்றவர்கள் சினிமாப் பாட்டு கேட்டால், நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். அவ்வளவு கர்வம்!

மூன்றாம் ஆண்டு, 1982-ல், மாமா இன்னொரு கேசட் கொடுத்தனுப்பினார். 1981-ல் வந்த 'அபாகாப்'. ஆசையாகப் போட்டோம். சின்னச் சின்னப் பாட்டு, ஆட்டம் போடத் தோதான தாளம். ஒரு பாட்டில் 'எர்த், விண்ட் அண்டு ஃபயர்' என்ற அமெரிக்க பேண்டின் ஊதுகுழல்காரர்கள் வந்து வாசிக்கிறார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் கேசட்டை எடுத்துக் கட்டிலில் எறிந்தேன். "எங்க ஜெனிஸிஸ் எங்கேடா போச்சு? காசுக்கு வித்துட்டாங்கடா!" என்று கத்தினேன். நண்பன் கேசட்டை எடுத்து உறையில் போட்டான். எதுவும் சொல்லவில்லை.

எங்களுக்கு மட்டும்தான் அந்தக் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே 1981-ல் ஹாலந்தில் லெய்டன் என்ற ஊரில் புதுப் பாட்டுகளைப் பாடியபோது, கூட்டம் கூச்சல் போட்டு எதிர்ப்புத் தெரிவித்ததாம். டிக்கெட் வாங்கி வந்த ரசிகர்களே!

சரி, நடந்தது என்ன? ஜெனிஸிஸ் பிறந்ததே ஒரு பள்ளிக்கூடத்தில்தான். 1967-ல், இங்கிலாந்தில் சார்ட்டர்ஹவுஸ் பள்ளி மாணவர்கள் பீட்டர் கேப்ரியல், டோனி பேங்க்ஸ், மைக் ரதர்ஃபோர்ட், ஆந்தனி பிலிப்ஸ் முதலானோர் சேர்ந்தார்கள். அவர்களுடைய ஒலிநாடா யார் கைக்குப் போனது தெரியுமா? பள்ளிக்கு வந்திருந்த ஒரு பழைய மாணவர் கைக்கு! (கைதட்டல்) நம் சங்கத்தாருக்குப் பெருமைதான். அவருக்குப் பிடிக்கவேண்டும் என்பதற்காக, அப்போது புகழோடு இருந்த பீ ஜீஸ் பாணியில் ஒரு பாட்டு எழுதினார்கள். அதுதான் 1968-ல் வந்த முதல் இசைத்தட்டு. ஆக, பின்னால் பாப் பக்கம் 'சறுக்கினார்கள்' என்று நான் கத்தினேனே, அவர்கள் கிளம்பியதே அந்தப் பக்கத்திலிருந்துதான்.

1975-ல் கேப்ரியல் விலகினார். டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஃபில் காலின்ஸ் பாட வந்தார். 1977-ல் கிடார் ஹாக்கெட்டும் போனார். மிச்சம் மூன்று பேர். 1978-ல் நாலு நிமிஷத்துக் காதல் பாட்டு ஒன்று, 'ஃபாலோ யூ ஃபாலோ மீ', பிரிட்டனில் ஏழாம் இடம் பிடித்தது. அதற்கு முன் அவர்கள் பாட்டு எதுவும் முதல் பத்துக்குள் வந்ததில்லை. 1986-ல் 'இன்விஸிபிள் டச்' அமெரிக்காவில் முதலிடம். அதை முதலிடத்திலிருந்து தள்ளியது யார்? கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹாமர்'! கலையைக் காப்பாற்ற வெளியே போனவர் என்று நான் நெஞ்சில் படம் மாட்டி வைத்திருந்தேனே, அவரேதான்.

இன்னொரு வேடிக்கை. எண்பதுகளின் பாப் பாட்டுகளில் வெடிபோல விழுந்து சட்டென்று அறுந்துபோகும் அந்த டிரம்ஸ் ஓசை இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? 1980-ல் கேப்ரியல், தாளத்தட்டே கூடாது என்று பிடிவாதமாகச் செய்த ஒரு சோதனை ஆல்பத்திலிருந்து. அதன் முதல் பாட்டில் அந்த ஓசையை வாசித்தவர் காலின்ஸ். சோதனையும் சந்தையும் நான் நினைத்தமாதிரி இரண்டு ஊர் இல்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

படிப்பு முடிந்ததும் நான் மேலே படிக்கப் போனேன். நண்பன் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தான். 1984-ல் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மேடையில் எல்லாரும் ஒரே நிறக் கோட்டு, அதில் அவனும். சினிமாப் பாட்டுக்குக் கிடார் வாசித்துக்கொண்டிருந்தான். இடைவேளையில் பந்திக்கு வந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டான்.

"நீயும் வித்துட்டியேடா" என்றேன்.

அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டு மேடைக்குப் போய்விட்டான். அவன் அப்பா ரிட்டயர் ஆனதும், கீழே இரண்டு தங்கைகள் இருப்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அதற்கப்புறம் பேச்சு வார்த்தை இல்லை.

இதில் வெட்கப்படவேண்டிய சங்கதி ஒன்று உண்டு. 1982-ல் கேப்ரியல் ஒரு பெரிய இசை விழா நடத்திக் கடனில் மாட்டிக்கொண்டார். அந்த அக்டோபரில் மில்ட்டன் கீன்ஸில் ஒரே ஒரு ராத்திரி பழைய கூட்டாளிகள் அவரோடு மேடையேறினார்கள், அந்தக் கடனை அடைக்க. ஹாக்கெட்டும் கடைசியில் வந்து சேர்ந்துகொண்டார். பிரிந்தவர்களுக்கே இல்லாத கோபம், கேசட்டுக்குக் காசுகூடக் கொடுக்காத எனக்கு!

2022 மார்ச்சில் ஜெனிஸிஸ் லண்டனில் கடைசிக் கச்சேரி செய்தது. காலின்ஸுக்கு உடம்பு முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். டிரம்ஸ் வாசித்தது அவர் மகன். கேப்ரியல் கூட்டத்தில் ரசிகராக வந்திருந்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று ராத்திரி, நம்பர் தேடிப் பிடித்து நண்பனுக்குப் போன் செய்தேன். முப்பத்தெட்டு வருஷம்! மன்னிப்பெல்லாம் வாயில் வரவில்லை. "படிச்சியாடா?" என்றேன். "படிச்சேன்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "அபாகாப் ரெண்டாவது பக்கம் நீ இன்னும் கேக்கலைதானே?" என்றான்.

கேட்கவில்லை. அன்று ராத்திரிதான் கேட்டேன். அந்தப் பக்கத்தின் முதல் பாட்டே ஏழரை நிமிஷம். வளைந்து நெளிந்து, பழைய ஜெனிஸிஸ் மாதிரியே! நான் எங்கே போச்சு என்று கத்தினேனே, அது கேசட்டைத் திருப்பிப் போட்டிருந்தால் அங்கேயே இருந்திருக்கிறது. 'சப்பர்ஸ் ரெடி'க்குப் பத்துத் தடவை கொடுத்தவன், இதற்குப் பாதித் தடவைகூடக் கொடுக்கவில்லை.

அதற்காக எல்லாம் பிடித்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அதற்கு அடுத்த பாட்டு எனக்கு இன்றும் சகிக்கவில்லை. 'இன்விஸிபிள் டச்' பாட்டும் அப்படியே. பிடிக்கவில்லை என்று சொல்ல ரசிகனுக்கு முழு உரிமை உண்டு, அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் 'வித்துட்டான்' என்பது வேறு சொல். அதைச் சொல்ல அடுத்தவன் வீட்டு அடுப்பங்கரை வரை தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் சொல்ல மனசு வராது. எனக்கு வந்தது, அதுதான் என் குறை.

அறிவுரை வேண்டாம் என்றார் செயலாளர். தந்துவிட்டேன் போலிருக்கிறது, மன்னிக்கவும். நண்பன் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். சாயங்காலம் கலை நிகழ்ச்சியில் அவன் கிடார் உண்டு, சினிமாப் பாட்டுதான். இந்தத் தடவை நான் முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்கப் போகிறேன். நீங்களும் வாருங்கள்.