பிள்ளை சொல்லும்போது நம்புக



பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைச் சிறார் எடுத்த படத்தை அங்கேயே இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிடுகின்றனர். அதில் குற்றமில்லை.

2016-இல் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டி முகநூலில் பரப்பினான் ஒருவன். காவல்துறையிடம் முறையிட்டும் நடவடிக்கை தாமதமாயிற்று. பெற்றோரே தம்மை நம்பவில்லையே என்னும் துயரை எழுதிவைத்து அவர் உயிர்நீத்தார். படத்தினும் கொடிது அவ்வரி.

பாதிக்கப்பட்டவர் முறையிட்டால் இத்தகைய படத்தை 24 மணி நேரத்துள் நீக்கவேண்டும் என 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வகுத்தன. சிறார் உதவிக்கு 1098, பணம் பறிபோனால் 1930. ஆயினும், "படம் ஏன் போட்டாய்?" என்று முதலில் சினக்கும் வீட்டில், மிரட்டல் வந்ததையே பிள்ளை மறைக்கும். மிரட்டுவோன் விரும்புவதும் அம்மறைப்பையே. பணம் அனுப்பற்க, செய்தியை அழிக்காது திரைப்பதிவு எடுத்து, அன்றே பெற்றோருடன் சென்று புகார் அளிக்க.